ஐதராபாத்தில் திரை செய்யும் தொழில்

1967-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இந்திய அணுசக்தித் துறையின் ஆதரவில், எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் ஆஃப் இந்தியா என்ற அரசாங்க ஸ்தாபனம் ஐதராபாத் நகரில் தோற்றுவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபரில், ஜெர்மனியின் தென்கோடியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள கார்மிஷ் என்னும் ஊரில் நேட்டோ கூட்டிய மகாநாடு ஒன்றில், டக்ளஸ் மக்கில்ராய் என்ற அமெரிக்க நிபுணர், மென்பொருள் எழுதுவோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தொடங்கிப் பாடுபடுவது வீண் என்றும், மின்சாதனங்களை அமைப்போர் தயாராக உள்ள உறுப்புகளை வாங்கிப் பூட்டிக்கொள்வதைப் போல, மென்பொருளுக்கும் பொது உறுப்புகள் பெருவாரியாக உற்பத்தியாக வேண்டும் என்றும் வாதித்தார். இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் ஏதேனும் சம்பந்தம் உண்டென்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் அரை நூற்றாண்டு கழிந்தபின் பார்க்கும்போது, மக்கில்ராய் கண்ட கனவு இணையத் திரைகளின் விஷயத்தில் பலித்தபோது, அதனால் ஆயிரக்கணக்கானோருக்குப் பிழைப்பு ஏற்பட்ட ஊர்களில் ஐதராபாத் முதல் வரிசையில் நிற்பதைக் காண்கிறோம். வேலையைப் பலர் பங்கிட்டுக்கொள்வதற்கு வகுத்த வழியே காம்பொனென்ட் எனப்படும் இந்த உறுப்பு என்பதை, அந்நகரின் சரித்திரத்தைப் போலத் தெளிவாக எடுத்துரைக்கக்கூடியது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மதராஸ் பட்டாளத்தோடு செகந்திராபாத் கன்டோன்மென்டில் போய்க் குடியேறி, பத்மாராவ் நகர் என்ற பெயரில் ஒரு முதலியாரின் நினைவையும் அங்கே நிலைநாட்டிய தமிழ்க் குடும்பங்களின் வாயிலாகவே அந்நகரை நெடுங்காலம் அறிந்திருந்த நம்மவர்க்கு, அது நிஜாமின் சமஸ்தானமாகவும், சார்மினாரும் முத்துக் கடைகளும் நிறைந்த ஊராகவுமே மனத்தில் பதிந்திருந்தது. அந்தச் சித்திரத்தை மாற்றத் தொடங்கியவர் டாக்டர் ஏ.எஸ். ராவ். பம்பாயில் ஹோமி பாபாவின் அணுசக்தி ஆராய்ச்சிக் கூடத்தில் மின்னணுக் கருவிகளைச் செய்து பழகிய அவர், மேலே சொன்ன ஸ்தாபனத்தை ஐதராபாத்தில் நிறுவி வளர்த்தார். இன்று அந்த வட்டாரத்தில் ஏ.எஸ். ராவ் நகர் என்று ஒரு குடியிருப்பே உண்டு. 1969-இல் அங்கிருந்து டி.டி.சி.-12 என்ற கணினி வெளிவந்தது. அக்காலத்துக் கணினிக்கு முகம் என்று சொல்லத்தக்கவை விளக்கு வரிசைகளும் விசைகளும் துளையிட்ட காகித நாடாவுமேயாம். அதனோடு பேச விரும்புகிறவன் அதன் பாஷையைக் கற்றுக்கொண்டு வரவேண்டும். ஐதராபாத்தில் அக்காலத்தில் பெருமளவில் செய்யப்பட்ட திரை எதுவென்று கேட்டால், அது கணினித் திரையன்று. அதே ஸ்தாபனம் உற்பத்தி செய்து நாடெங்கும் வீடுகளுக்கு அனுப்பிய ஈ.ஸி. டெலிவிஷன் பெட்டியின் கண்ணாடித் திரைதான்.

கணினித் திரையைச் சாமானிய ஜனங்களின் காரியத்துக்குக் கொண்டுவந்தது மற்றொரு அரசாங்க ஸ்தாபனம். 1978-இல் ஐ.பி.எம். கம்பெனி இந்தியாவைவிட்டு வெளியேறியபோது, அது விட்டுச் சென்ற இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு, கம்ப்யூட்டர் மெயின்டெனன்ஸ் கார்ப்பொரேஷன் எனப்பட்ட ஸி.எம்.ஸி.யின்மீது விழுந்தது. பிறர் செய்த இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதோடு நின்றுவிடாமல், செகந்திராபாத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தையும் நடத்திவந்த அந்த ஸ்தாபனம், 1985-86-இல் டில்லியில் ரயில்வே முன்பதிவுக்கான இம்ப்ரெஸ் என்ற ஏற்பாட்டை அமைத்துக் கொடுத்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனிப் பேரேடு இருந்தது. எந்த வண்டியில் போக வேண்டுமோ அந்த வண்டிக்குரிய ஜன்னலில்தான் நிற்க வேண்டும். ஜன்னல் மாறி நின்றவர் வரிசையின் வாலுக்குத் திரும்பிப் போக வேண்டும். இம்ப்ரெஸ் வந்தபின் எந்த ஜன்னலிலும் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்கலாம் என்றாயிற்று. பின்னர் இத்தகைய முன்பதிவுக் கேந்திரங்கள் ஐந்து ஏற்பட்டபோது, டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகியவற்றோடு செகந்திராபாத்தும் ஒன்றாயிற்று. குமாஸ்தாவின் எதிரே இருந்த திரையில் வெறும் எழுத்துக்கள்தாம். சித்திரம் இல்லை, பொத்தான் இல்லை. அந்த எழுத்துப் பலகை முழுவதையும் ஒரே நிரல் ஒரே மூச்சில் எழுதிக் காட்டியது. இந்தப் பகுதி இன்னாருடையது என்று பிரித்துச் சொல்ல அதில் இடமே இல்லை.

1987-இல் ராமலிங்க ராஜுவால் தொடங்கப்பட்ட சத்யம் கம்ப்யூட்டர் ஸர்வீஸஸ் முதலிய தனியார் கம்பெனிகளின் காலம் அடுத்து வந்தது. கடல் கடந்த முதலாளிக்கு இங்கிருந்தபடியே வேலை செய்து கொடுப்பது அவற்றின் வியாபாரம். அவ்வாறு செய்வதாயின், எந்த வேலையை அங்கே வைத்துக்கொள்வது, எந்த வேலையை இங்கே அனுப்புவது என்ற கேள்வி முதலிலேயே எழும். தொண்ணூறுகளில் அதற்குக் கிடைத்த விடை எளிமையானது: பழைய நிரல்களைப் பழுதுபார்ப்பது, 2000-ஆம் ஆண்டின் தேதிக் கோளாறுக்காக வரிவரியாகத் திருத்துவது போன்ற, தனியே கழற்றி எடுத்துக் கையில் கொடுக்கக்கூடிய வேலைகள் இங்கே வந்தன. வாடிக்கைக்காரரின் கண்முன் நிற்கும் திரையை அமைக்கும் வேலை அங்கேயே நின்றுவிட்டது. ஏனெனில் அதைத் துண்டு போடுவதற்கு அப்போது வழி தெரியவில்லை. சத்யம் 2009-இல் கணக்கு மோசடியால் வீழ்ந்த கதை ஊரறிந்தது. அதை இங்கே விவரிக்க அவசியமில்லை.

திரையைத் துண்டு போடும் வித்தை வேறோர் இடத்தில் ஏற்கெனவே பிறந்திருந்தது. 1991-இல் மைக்ரோஸாஃப்ட் வெளியிட்ட விஷுவல் பேஸிக்கில், ஓரத்தில் ஒரு பெட்டி நிறையப் பொத்தான்களும் பட்டியல்களும் எழுதுமிடங்களும் இருக்கும். வேண்டியதை எடுத்து வெற்றுப் படிவத்தின்மேல் வைத்தால் அது அங்கே உட்கார்ந்துகொள்ளும். நாள்காட்டி ஒன்று வேண்டுமென்றால் அதை வேறொருவரிடம் விலைக்கு வாங்கிப் பெட்டியில் சேர்த்துக்கொள்ளலாம். மக்கில்ராய் கேட்ட உறுப்புச் சந்தை இவ்விதம் திரைகளின் விஷயத்தில் முதலில் கூடிற்று. ஆனால் அதே சமயத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ, ஸெர்ன் ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளைப் பரிமாறிக்கொள்வதற்காக உண்டாக்கிய வைய விரிவு வலை (வேர்ல்ட் வைட் வெப்), இந்த வித்தைகளையெல்லாம் அறியாத குழந்தையாகவே வளர்ந்தது. அதன் பக்கம், தலைப்பும் பத்தியும் சுட்டியும் கொண்ட ஒரு பத்திரம். படிப்பதற்காக ஏற்பட்டதேயன்றி இயக்குவதற்காக ஏற்பட்டதன்று. 1995-இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் முதல் வடிவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட், அந்தப் பத்திரத்துக்குச் சற்று உயிரூட்டியது உண்மை. ஆயினும் ஒரு பொத்தானின் தோற்றம் ஓரிடத்திலும், நிறம் வேறோரிடத்திலும், அதை அழுத்தினால் நடக்க வேண்டியது மூன்றாவது இடத்திலும் எழுதப்பட்டுவந்தபடியால், பொத்தானை முழுதாக எடுத்து ஒருவர் மற்றொருவரிடம் கொடுப்பதென்பது இயலாத காரியமாக இருந்தது.

1998-ஆம் ஆண்டு ஐதராபாத்தின் கணினிச் சரித்திரத்தில் விசேஷமானது. அவ்வாண்டு நவம்பர் 22-ஆம் தேதி, மாதாப்பூரின் பாறைகளுக்கிடையே எழுந்திருந்த ஸைபர் டவர்ஸ் என்ற வட்ட வடிவ மாளிகையைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் ஹைடெக் சிட்டி பிறந்தது. அவ்வாண்டிலேயே மைக்ரோஸாஃப்ட் தன் இந்திய அபிவிருத்தி நிலையத்தை ஐதராபாத்தில் நிறுவியது; ஐ.ஐ.ஐ.டி. என்ற உயர்கல்வி நிலையமும் அவ்வாண்டிலேயே உதயமாயிற்று. மைக்ரோஸாஃப்ட் நிலையத்திலிருந்து வந்தவற்றுள் நம் கதைக்கு மிக நெருங்கியது விஷுவல் ஜே ஷார்ப். ஜாவா மொழி தெரிந்தவர்கள் மைக்ரோஸாஃப்டின் டாட்நெட் மேடையில் எழுத உதவும் இந்தச் சாதனம் ஐதராபாத்திலேயே உருவாக்கப்பட்டு 2002-இல் வெளிவந்தது. டாட்நெட் மேடையில் வெப் ஃபார்ம்ஸ் என்றோர் அங்கமும் இருந்தது. விஷுவல் பேஸிக்கின் பெட்டியை இணையப் பக்கத்துக்கு அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முயன்ற ஏற்பாடு அது. பிறருடைய சாதனத்தைக் கையாள்வதே நம் விதி என்று எண்ணப்பட்ட ஊரில், பிறர் கையாளும் சாதனம் செய்யப்பட்டதென்பது சிறிய விஷயமன்று. ஜே ஷார்ப் நெடுநாள் நிலைக்கவில்லை; 2007-இல் அதை நிறுத்திவிடப் போவதாக அறிவித்துவிட்டார்கள். ஆயினும் அதைச் செய்து பெற்ற கைப்பழக்கம் ஊரைவிட்டுப் போயிருக்க முடியாது.

இதே காலத்தில் நகரத்து ஜனங்களுக்கும் திரையோடு நேரடியான பரிசயம் ஏற்பட்டது. மின்சாரக் கட்டணத்துக்கு ஒரு வரிசை, தண்ணீர் வரிக்கு ஒரு வரிசை, பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு வரிசை என்று அலைந்தவர்கள், 1999 டிசம்பரில் பஞ்சாரா ஹில்ஸில் ட்வின்ஸ் என்ற பெயரில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2001 ஆகஸ்டில் ஈ-சேவா என்று பெயர் மாறிய நிலையங்களில், எல்லாவற்றையும் ஒரே ஜன்னலில் முடித்துக்கொண்டார்கள். அப்போது திரைக்கு முன்னால் குமாஸ்தா இருந்தார்; பின்னாளில் 2011-இல் மீ-சேவா வந்தும், அதற்குப்பின் கைபேசி வந்தும், குமாஸ்தாவின் ஸ்தானத்தில் ஜனங்களே உட்கார்ந்துகொண்டார்கள். பழகிய குமாஸ்தா, திரை தப்பாகக் காட்டினாலும் சரியாகப் புரிந்துகொள்வார். புதிதாக வருகிற பிரஜைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவருக்குத் திரையே அரசாங்கம். திரையில் பிழை இருந்தால் அரசாங்கமே பிழை செய்ததாகத்தான் அவர் கொள்வார். இவ்வாறாகத் திரையை அமைப்பவரின் பொறுப்பு ஒருபடி உயர்ந்துவிட்டது.

இந்தப் பொறுப்பை நிறைவேற்றுவதில் இருந்த சிரமத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவேன். கட்டணம் செலுத்தும் பக்கம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் மூன்று ரசீதுகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறியிட ஒரு கட்டம். கீழே மொத்தத் தொகை. உச்சியில் "செலுத்த வேண்டியது" என்று அதே தொகை மறுபடியும். ஓரத்தில் ஒரு பொத்தான். ஒரு ரசீதின் குறியை எடுத்துவிட்டால், கீழேயுள்ள தொகை குறைய வேண்டும், உச்சியிலுள்ளதும் குறைய வேண்டும், ஒன்றுமே மிஞ்சாவிட்டால் பொத்தான் மங்க வேண்டும். 2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜெக்வெரியைக் கொண்டு இதை எழுதியவர், இம்மூன்று உத்தரவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே ஞாபகமாக எழுத வேண்டியிருந்தது. மறுவருஷம் வேறொருவர் வந்து தாமதக் கட்டணத்துக்கு ஒரு வரி சேர்ப்பார். உச்சியிலும் ஒரு தொகை உண்டென்பது அவருக்குத் தெரியாது. அன்றுமுதல் கீழே ஒரு தொகையும் மேலே ஒரு தொகையுமாகப் பக்கம் இரண்டு நாக்குடன் பேசும். ஜிமெயிலும் கூகுள் வரைபடமும் 2004-05-இல் வந்து, பக்கம் புதிதாகத் திறவாமலேயே உள்ளடக்கம் மாறும் முறையை வழக்கமாக்கியபின், இத்தகைய ஞாபக உத்தரவுகள் நூற்றுக்கணக்கில் பெருகின.

2010-இல் ஃபேஸ்புக் கம்பெனி இந்தியாவில் தன் முதல் அலுவலகத்தை ஐதராபாத்தில் திறந்தது. விளம்பரதாரர்களையும் உபயோகிப்போரையும் கவனிப்பதே அங்கிருந்தவர்களின் உத்தியோகமாக இருந்தது. நிரல் எழுதும் வேலை கலிபோர்னியாவிலேயே நடந்தது. அங்கே மேலே சொன்ன வியாதி முற்றியிருந்தது. வந்து சேராத கடிதம் வந்திருப்பதாகச் சிவப்பு எண்ணிக்கை காட்டும். திறந்து பார்த்தால் புதிதாக ஒன்றும் இராது. பழுதைத் திருத்துவார்கள், சில நாளில் மறுபடி தலைகாட்டும். ஒரே செய்தியைத் திரையின் பல மூலைகள் தனித்தனியே நினைவில் வைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம் என்பதை, 2014-இல் அக்கம்பெனியின் பொறியாளர்களே ஒரு கூட்டத்தில் விளக்கிக் கூறினார்கள். அங்கே பணியாற்றிய ஜார்டன் வாக் 2011-இல் தொடங்கிய முயற்சி, 2013 மே மாதம் ரியாக்ட் என்ற பெயரோடு உலகத்துக்கு இலவசமாக வழங்கப்பட்டது. கூகுளில் மிஷ்கோ ஹெவரி உண்டாக்கிய ஆங்குலர் அதற்குச் சில வருஷம் முன்னரே வெளிவந்திருந்தது. ஈவன் யூவின் வியூ 2014-இல் வந்தது. முறைகள் வேறுபட்டாலும், பக்கத்தை விட்டுவிட்டு உறுப்பைப் பிடி என்ற உபதேசத்தில் நாளடைவில் மூன்றும் ஒன்றுபட்டன.

ரியாக்டின் போதனை இரண்டு. முதலாவது, உண்மை ஓரிடத்தில் இருக்க வேண்டும். நம் கட்டணப் பக்கத்தில் எந்த ரசீதுகள் குறியிடப்பட்டிருக்கின்றன என்பதே உண்மை. தொழிலில் அதை ஸ்டேட் என்பார்கள். மொத்தம், உச்சித் தொகை, பொத்தானின் மங்கல் எல்லாம் அதிலிருந்து ஒவ்வொரு முறையும் தாமே பிறப்பவை. எழுதுகிறவர் உத்தரவிட வேண்டியதில்லை. முழுத் திரையும் புதிதாக வரையப்படுவதுபோல் அவர் எழுதுவார். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேற்றுமையைக் கணக்கிட்டு, மாறிய இடத்தை மட்டும் ரியாக்ட் திருத்திக்கொள்ளும். இரண்டாவது, ஒரு ரசீது வரிசையின் தோற்றம், நடத்தை அனைத்தும் ஒரே உறுப்பாக ஒரே இடத்தில் எழுதப்பட வேண்டும். வெளியிலிருந்து அதற்கு வேண்டியவை இணைப்பு எண்ணும் தொகையும் மட்டுமே. இவற்றை ப்ராப்ஸ் என்பார்கள். மின்சார ரசீதுக்குச் செய்த உறுப்பு, எண்ணையும் தொகையையும் மாற்றிக் கொடுத்தால் தண்ணீர் ரசீதுக்கும் ஆகும். தோற்றத்தையும் நடத்தையையும் கலக்கலாகாது என்ற சம்பிரதாயத்தில் ஊறியவர்கள், ரியாக்டின் எழுத்துமுறையைக் கண்டு முதலில் முகஞ்சுளித்தார்கள். ஆனால் அந்தச் சம்பிரதாயம் பக்கத்தை நெடுக்கில் பிளந்ததேயன்றி, ஒருவர் கையில் எடுத்துக் கொடுக்கத்தக்க துண்டாக ஆக்கவில்லை.

இந்த இடத்தில்தான் கலிபோர்னியாவின் கண்டுபிடிப்பு ஐதராபாத்தின் ஜீவனோபாயமாக மாறுகிறது. திரை, எல்லை வகுத்த துண்டுகளாகப் பிரிந்தவுடனே, தொண்ணூறுகளில் அனுப்ப முடியாமலிருந்த அந்த வேலையும் அனுப்பத்தக்கதாயிற்று. நாள்காட்டி உறுப்பை ஒரு குழு செய்யும், பணம் செலுத்தும் படிவத்தை மற்றொரு குழு செய்யும்; ஒரு குழு மாதாப்பூரிலும் ஒரு குழு அட்லாண்டிக் கரையிலும் இருக்கலாம்; என்ன கொடுத்தால் என்ன வரும் என்ற உடன்படிக்கை மட்டும் இருவருக்கும் பொதுவாக இருந்தால் போதும். ஐதராபாத்துக்கு இது புதிய பழக்கமன்று. கடலே இல்லாத அந்நகரில் முத்து வியாபாரம் தழைத்தது எவ்வாறெனில், பாரசீக வளைகுடாவில் குளித்தெடுத்த பஸ்ரா முத்துக்கள் அங்கே வந்து, தரம் பிரிக்கப்பட்டு, துளையிடப்பட்டு, சரமாகக் கோக்கப்பட்டதனால் அன்றோ? பிறர் தந்த முத்தைக் கோப்பது தாழ்ந்த வேலை என்று நகைக் கடைக்காரர் எவரும் சொல்லமாட்டார். ஆனால் எந்த முத்து வரும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கோப்பவரிடம் இல்லை என்பதையும் அவர் மறுக்கமாட்டார்.

இந்தத் தொழிலுக்கு ஆள் தயாரித்துக் கொடுத்த இடம் அமீர்பேட்டை. மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றியும், ஆதித்யா என்கிளேவின் அடுக்குமாடிகளிலும், சந்துக்குச் சந்து பயிற்சி நிலையங்கள். வானம் தெரியாதபடி ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகள். நடப்பவர் கையில் திணிக்கப்படும் துண்டுப் பிரசுரங்கள். ஆசிரியர் சொன்னதை யாரோ ஒரு மாணவர் முத்துமுத்தாக எழுதிவைக்க, அந்தக் கையெழுத்துக் குறிப்பையே நகலெடுத்து அட்டை போட்டு விற்கும் ஜெராக்ஸ் கடைகள். விடியற்காலையிலேயே வகுப்பு தொடங்கிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் அதை முடித்துக்கொண்டு, வழியில் தள்ளுவண்டியில் இட்லி தின்றுவிட்டு அலுவலகம் செல்வார்கள். முதல் நாள் வகுப்புக்கு டெமோ என்று பெயர், அதற்குக் கட்டணமில்லை, ஆசிரியரின் குரலும் விஷயமும் பிடித்திருந்தால் சில ஆயிரம் ரூபாய் கட்டிச் சேர்ந்துகொள்ளலாம். ஆந்திரத்து, தெலங்கானாக் கிராமங்களிலிருந்தும், ஒரிஸாவிலிருந்தும் வந்தவர்களும், நம் சென்னை வேலச்சேரி வகுப்புகளில் இடங்கிடைக்காமலோ மனம் பிடிக்காமலோ போன தமிழ்நாட்டு இளைஞரும்கூட, விடுதி அறைகளில் நாலைந்து பேராகத் தங்கி அங்கே படித்தார்கள்.

அமீர்பேட்டையின் பலகைகளை வருஷவாரியாகப் படித்தாலே கணினித் தொழிலின் சரித்திரம் விளங்கும். மெயின்ஃப்ரேம் போய் ஜாவா வந்தது. ஆரக்கிள், ஸாப், டாட்நெட், டெஸ்டிங் டூல்ஸ் என்று வந்தவையெல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலேறின. பின்னர் ஆங்குலரும் ரியாக்டும் ஃபுல் ஸ்டாக் என்ற பெரிய எழுத்துக்களின் கீழே இடம்பிடித்தன. ஆங்குலரின் இரண்டாம் பதிப்பு 2016 செப்டம்பரில் வந்தபோது, அது முதற்பதிப்போடு ஒட்டாமல் முற்றிலும் வேறாக இருந்தபடியால், பழையதைக் கற்றவர்கள் மறுபடி வகுப்பில் உட்கார நேர்ந்தது. 2019 பிப்ரவரியில் ரியாக்டில் ஹூக்ஸ் என்ற புதுமுறை புகுந்தபின், நேர்முகத் தேர்வுக் கேள்விகளே மாறிவிட்டன. பாடக் குறிப்பை நகலெடுத்து விற்ற கடைக்காரர் பழைய கட்டுகளை ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று. இல்லாத அனுபவத்தை இருப்பதாகக் காட்டி உத்தியோகம் வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களும் அந்தச் சந்துகளில் இல்லாமலில்லை. ஆயினும் கல்லூரியில் நான்கு வருஷம் கற்றுத்தராததை, இரண்டு மூன்று மாதத்தில் வேலைக்காகும் விதத்தில் சொல்லிக்கொடுத்த பெருமை அந்த வீதிக்கு உண்டு. உறுப்புமுறைக்கும் அந்த வீதிக்கும் பொருத்தம் அமைந்ததற்கு ஒரு காரணமும் சொல்லலாம்: முழு மென்பொருளையும் கட்டத் தெரியாதவரும் ஓர் உறுப்பைச் செவ்வையாகச் செய்யக் கற்றுக்கொள்ளலாம், அதைச் செய்து காட்டி வேலையில் நுழையலாம்.

கோப்பவர்களின் ஊராகவே ஐதராபாத் நின்றுவிடவில்லை. 1998-இல் ஜெய் புல்லூர், விஜய் புல்லூர் சகோதரர்கள் தொடங்கிய பிரமதி டெக்னாலஜீஸ், ஜாவா நிரல்களைத் தாங்கி நடத்தும் ஸர்வர் மென்பொருளைத் தானே எழுதி, உலகக் கம்பெனிகளோடு அத்துறையில் போட்டியிட்டது. 2013-இல் அது வேவ்மேக்கர் என்ற சாதனத்தை வி.எம்.வேர் கம்பெனியிடமிருந்து வாங்கிக்கொண்டது. திரையின் உறுப்புகளை இழுத்து வைத்தே இணையச் செயலியை அமைக்க உதவுவது வேவ்மேக்கரின் வேலை. டோஜோ என்ற பழைய நூலகத்தின்மேல் கட்டப்பட்டிருந்த அதைப் பிரமதியின் காலத்தில் ஆங்குலரின் மேல் புதிதாகக் கட்டினார்கள். ஒரு கம்பெனி தனக்கென்று செய்துகொண்ட உறுப்பை மூட்டைகட்டி வைத்து வேறு செயலியில் பொருத்துவதற்கும் அதில் வழி உண்டு. ராஜ் கொனேரு 2007-இல் தொடங்கிய கோனி கம்பெனியும், ஐதராபாத்தில் பெரிய அபிவிருத்தி நிலையத்தை வைத்துக்கொண்டு, கைபேசித் திரைகளை அமைக்கும் சாதனத்தை வங்கிகளுக்கு விற்றது. 2019-இல் ஸ்விட்ஸர்லாந்தின் டெமனோஸ் அதை விலைக்கு வாங்கிற்று. தமிழ்நாட்டில் வேரூன்றிய கம்பெனிகளும் இவ்விஷயத்தில் சும்மா இருக்கவில்லை: ஸோஹோ தன் உபயோகத்துக்காக லைட் என்ற சட்டகத்தையும், ஃப்ரெஷ்வொர்க்ஸ் க்ரேயான்ஸ் என்ற உறுப்புத் தொகுதியையும் உண்டாக்கிக்கொண்டன.

பிறர் உறுப்பை நம்பி வாழ்வதில் உள்ள அபாயம் 2016 மார்ச் 22-ஆம் தேதி உலகத்துக்கு வெளியாயிற்று. ஜாவாஸ்கிரிப்ட் உறுப்புகளுக்குப் பொதுக் களஞ்சியமாக விளங்கும் என்.பி.எம்.மில், பெயர் பற்றிய தகராறில் மனம் வெறுத்த ஒருவர் தம் படைப்புகளையெல்லாம் எடுத்துவிட்டார். அவற்றுள் ஒன்று லெஃப்ட்-பேட். ஓர் எழுத்துக் கோவையின் இடப்பக்கத்தில் வெற்றிடம் சேர்க்கும் பதினொரு வரி நிரல். அதை நேராக அறிந்தவர் வெகு சிலர். ஆனால் அதை உபயோகித்த ஒன்றை உபயோகித்த வேறொன்றின்மேல் எத்தனையோ திரைகள் நின்றுகொண்டிருந்தன. அது திருப்பி வைக்கப்படும் வரையில் உலகெங்கும் கட்டுமானங்கள் நின்றுபோயின. எல்லை வகுத்துப் பங்கிட்டுக்கொள்வதால் வரும் சௌகரியத்துக்கு இது விலை. பங்காளி யார் என்றே தெரியாத அளவுக்குப் பங்கு பெருகிவிட்டால், சிறு துரும்பும் அச்சாணியாகிவிடும்.

இதைக்காட்டிலும் நுட்பமான குறை ஒன்று ஐதராபாத்திலேயே கண்ணுக்குத் தெரியும். தெலங்கானாவில் 2017 முதல் உருது, மாநிலம் முழுவதற்கும் இரண்டாவது ஆட்சிமொழி. ஆகவே அவ்வூர்ப் பிரஜைக்கென்று உண்மையாகவே ஒரு திரை அமைப்பதானால், அது தெலுங்கிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் பேச வேண்டும். கலிபோர்னியாவில் பிறந்த பொத்தான் உறுப்பில், "சித்திரத்தின் இடப்பக்கத்தில் இவ்வளவு இடைவெளி" என்று எழுதியிருக்கும். உருது வலமிருந்து இடமாகச் செல்வதால், அங்கே அந்த இடைவெளி தப்பான பக்கத்தில் போய் நிற்கும். இடம், வலம் என்று எழுதாமல் தொடக்கம், முடிவு என்று எழுதியிருந்தால், எழுத்தின் திசையை அனுசரித்து அது தானே மாறிக்கொள்ளும். அதற்கு வேண்டிய வசதி இன்று முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் உண்டு. உயரமும் அப்படியே. உருதுவின் நஸ்தலீக் எழுத்து வலது மேலிருந்து இடது கீழாகச் சரிந்து இறங்குவது. தெலுங்கின் ஒத்தெழுத்து அடியில் தொங்குவது. ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பொத்தானில் இரண்டும் வெட்டுப்படும். தமிழிலோ சொல் நீண்டு அடுத்த வரிக்கு ஓடும். உறுப்பைச் செய்தவர் தம் ஊர் எழுத்தை உலகத்து எழுத்தாக எண்ணிக்கொண்டார்; அந்த எண்ணம் உறுப்போடு சேர்ந்து ஆயிரக்கணக்கான திரைகளுக்குள் புகுந்துவிட்டது. கூட்டிச் சேர்ப்பவர் ஒவ்வொரு திரையிலும் தனித்தனியே ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பார். உறுப்பை வகுப்பவரோ ஒரே இடத்தில் திருத்தி முடித்துவிடுவார்.

ஐதராபாத்தின் ஐம்பது வருஷத்துத் தொழிற்சரித்திரத்திலிருந்து நாம் பெறும் பாடம், உறுப்பைக் கூட்டிச் சேர்ப்பதைவிட அதை வகுப்பதே பெரிது என்பதே என்று நினைக்கிறேன். ஆங்குலரின் முதற்பதிப்பைக் கூகுள் 2021 முடிவோடு கைவிட்டது. ரியாக்டும் ஒருநாள் அமீர்பேட்டையின் பலகையிலிருந்து இறங்கத்தான் போகிறது. உறுப்பை எழுதும் வேலையில் ஒரு பகுதியை இயந்திரமே செய்யத் தொடங்கிவிட்டதையும் காண்கிறோம். ஆனால் ஒரு திரையை எங்கே பிளப்பது, எந்த உண்மையை எந்த உறுப்பிடம் ஒப்படைப்பது, அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்று தீர்மானிக்கும் விவேகம், விஷுவல் பேஸிக் காலத்தில் எவ்வளவு வேண்டியிருந்ததோ அவ்வளவே இன்றும் வேண்டியிருக்கிறது. மூன்று மொழிகளின் எழுத்துக்களை நாள்தோறும் கடைப்பலகைகளில் படித்து வளர்ந்த ஒரு நகரத்தாருக்கு, அந்த விவேகத்தின் ஒரு கூறு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. அமீர்பேட்டையின் வகுப்புகள் இன்ன உறுப்பை இப்படிச் செய் என்பதோடு நில்லாமல், அதன் எல்லையை ஏன் இங்கே வகுத்தார்கள், நம் ஊருக்கானால் எங்கே வகுப்போம் என்பதையும் போதிக்கத் தொடங்குமானால், அடுத்த தலைமுறையில் உலகம் இறக்குமதி செய்துகொள்ளும் உறுப்புகளில் சில அந்தச் சந்துகளில் படித்தவர்கள் வகுத்தவையாக இருக்கும்.